பல்லைப் பார்த்து ரம்பம் வாங்குதல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டையோ எல்லோரும் பல்லைப் பார்த்தே வாங்குகின்றனர். ஆனால், வட்ட ரம்பத் தகடு வாங்கச் செல்வோரில் பலர், அதற்கும் மாட்டைப் போலவே பற்கள் இருந்தும், அவற்றைப் பாராமலேயே விலையை மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடுகின்றனர். அதன் பயனாகப் பலகை கருகுகிறது, ஓரம் சிலும்புகிறது, சில வேளைகளில் விரலும் போகிறது.

நம் மாணவர் வழக்கில் "அறுவை", "பிளேடு", "ரம்பம்" ஆகிய மூன்று சொற்களும் ஒன்றையே குறிக்கும். அது யாதென்று பின்வரிசை நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இக்கட்டுரையில் அம்மூன்றும் நேர்ப்பொருளிலேயே வருகின்றன என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

மேசை ரம்பம் என்பது மிக எளிய பொறி. ஒரு மேசை, அதன் நடுவே ஒரு நீண்ட பிளவு, அதன் வழியே பாதி உடலை மேலே நீட்டிக்கொண்டு சுழலும் வட்டத் தகடு, கீழே ஒரு மின்மோட்டார். பலகையை நாம் தள்ளுகிறோம்; தகடு நின்ற இடத்திலேயே நின்று அறுக்கிறது. முன்பெல்லாம் மரத்தைச் சாரத்தின்மேல் ஏற்றி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று நீண்ட வாளை ஏற்றி இறக்கி அறுத்தனர். அதில் பாதி அசைவு வீண். வாள் ஒரு திசையில்தான் வெட்டும். மறு திசையில் வெறுமனே திரும்பி வரும். அந்த வீணை நீக்கியதே வட்ட ரம்பத்தின் சிறப்பு. 1777-இல் இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பவர் பெற்ற காப்புரிமையிலேயே வட்ட ரம்பம் குறிப்பிடப்பட்டுள்ளது. ஆக, கருவி பழையது. இன்று நாம் வாங்கும் தகடுதான் புதியது.

தகட்டைப் பற்றிப் பேசுமுன் மரத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். மரம் என்பது ஒரே சீரான பொருளன்று. நீளவாட்டில் அடுக்கிக் கட்டிய ஈர்க்குக் கட்டு என்றே அதனைக் கொள்ளலாம். விறகு பிளப்பவரைக் கவனித்தால் இது விளங்கும். நெடுக்கே ஓர் அடியில் கட்டை இரண்டாகிறது. அதே கட்டையைக் குறுக்கே வெட்ட வேண்டுமானால் வியர்வை கொட்டுகிறது. நெடுக்கே அறுக்கும் பல், நார்களுக்கு இடையே உளி போல் புகுந்து சுருள் சுருளாகப் பெயர்த்தெடுத்தால் போதும். குறுக்கே அறுக்கும் பல்லோ, ஒவ்வொரு நாரையும் கத்தி போல் நறுக்கித் துண்டாக்க வேண்டும். உளியையும் கத்தியையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்த நேர்ந்தால் என்ன ஆகுமோ அதுவே தவறான தகட்டை மாட்டினாலும் ஆகும்.

கடையில் "பத்து இஞ்ச் டி.சி.டி. பிளேடு" என்று கேட்டால் கடைக்காரர் உடனே "எத்தனை பல்?" என்று திருப்பிக் கேட்பார். இது மிக நல்ல கேள்வி. பத்து அங்குலத் தகட்டில் நெடுக்கறுவைக்கு 24 பல் உடையது பொருந்தும். குறுக்கறுவைக்கும் ஒட்டுப்பலகைக்கும் 60 முதல் 80 பல் வரை வேண்டும். இரண்டுக்கும் ஓரளவு ஈடுகொடுப்பது 40 பல் தகடு. பல் மிகுந்தால் அறுப்பு வழவழப்பாகும் என்பது உண்மைதான். ஆயின், பல் மிகுந்தால் எல்லாம் நன்மையே என்று எண்ணுவது பிழை. ஏன் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

நம் நாட்டு மின்னோட்டத்தின் அதிர்வெண் 50. இரு முனைத் தூண்டல் மோட்டார் இதில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,880 முறை சுழலும். தகடு அதன் அச்சிலேயே மாட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். பலகையை நிமிடத்துக்கு 6 மீட்டர் வீதம் தள்ளுகிறோம். அப்படியானால் ஒரு சுற்றுக்குப் பலகை முன்னேறுவது இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதை 24 பற்கள் பகிர்ந்துகொண்டால் ஒரு பல்லுக்குக் கிடைப்பது 0.087 மி.மீ. நாற்பது பற்கள் என்றால் 0.052 மி.மீ. எண்பது பற்கள் என்றால் 0.026 மி.மீ. மட்டுமே. இத்துணை மெல்லிய படலத்தைத் தடித்த பலகையில் வெட்டப் புகும் பல் வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்கத் தொடங்கிவிடுகிறது. தேய்த்தால் சூடு, சூட்டால் கருக்கல். மேலும், பல்லுக்கு முன்னுள்ள பள்ளம்தான் அறுத்த தூளைச் சுமந்து கீழே கொண்டு சேர்க்கும் கூடை. பல் பெருகினால் கூடை சிறுக்கும். இரண்டு அங்குலத் தேக்குப் பலகையை 80 பல் தகட்டால் நெடுக்கே அறுக்கும்போது தூள் வெளியேற வழியின்றி நெரிபட்டுப் புகைகிறது. வேலை செய்பவர் தகடு மழுங்கிவிட்டது என்று நினைத்துச் சாணைக்கு அனுப்புகிறார். மழுங்கியது தகடு அன்று என்று இப்போது தெரிந்திருக்கும்.

அடுத்தது பல்லின் தலை. இதைக் கடையில் எவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. தகட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பற்களின் உச்சியைப் பார்த்தால் மூன்று வகைகளைக் காணலாம். முதலாவது, உளியின் நுனி போல் தட்டையானது. இது நெடுக்கறுவைக்கு உரியது. இரண்டாவது, ஒரு பல் இடப்புறமும் அடுத்த பல் வலப்புறமும் சரிவாகத் தீட்டப்பட்டது. இதன் கூர்முனைகள் இருபுற ஓரங்களிலும் நார்களை முதலில் கீறிவிடுவதால், குறுக்கறுவையிலும் ஒட்டுப்பலகையிலும் ஓரம் பிய்யாமல் வரும். மூன்றாவது வகையில் இரு மூலைகளும் சீவப்பட்ட உயரமான பல் ஒன்று நடுவில் வழி திறக்க, அடுத்து வரும் தட்டைப் பல் இருபக்கமும் துப்புரவாக்கும். சன்மைக்கா ஒட்டிய பலகை, எம்.டி.எஃப்., அலுமினியம் ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது. கடினமான பிசின் பரப்பில் சரிவுப் பல்லின் மெல்லிய முனை விரைவில் சிதைந்துவிடும். இதன் சீவிய மூலைகள் தாங்கும்.

பல்லின் சாய்வையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும். தகட்டின் மையத்திலிருந்து பல்லின் நுனிக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், பல்லின் முகம் அக்கோட்டிலிருந்து எத்தனை பாகை முன்னோக்கிச் சாய்ந்துள்ளது என்பதே சாய்கோணம். இருபது பாகை அளவில் சாய்ந்த பல் மரத்தைத் தானே கடித்து இழுக்கும். நெடுக்கறுவைக்கு அது நன்று. 10 முதல் 15 பாகை பொதுவேலைக்குப் போதும். பின்னோக்கிச் சாய்ந்த பற்களும் உண்டு. அவை பெரும்பாலும், பலகை நிலையாக இருக்கத் தகடு நகர்ந்து வந்து அறுக்கும் பொறிகளுக்கு உரியவை. அங்கே பல் தானாகக் கடித்து இழுத்தால் தகடு பாய்ந்து வந்துவிடும் அன்றோ? மலிவாகக் கிடைத்தது என்று அதை வாங்கி மேசை ரம்பத்தில் மாட்டினால் தள்ளித் தள்ளித் தோள் நோகும்.

தகடு செல்லும் வழியில் மரம் தூளாகிப் போகும் அகலத்தை வெட்டுத்தடம் எனலாம். முழுத் தகட்டில் இது ஏறத்தாழ 3.2 மி.மீ.; மெல்லிய தகட்டில் 2.4 மி.மீ. இந்த 0.8 மி.மீ. அற்பம் என்று தோன்றும். ஒரு தேக்குப் பலகையைப் பத்து அறுப்புகளில் சட்டங்களாக்கினால் முன்னதில் 32 மி.மீ. தூளாகும்; பின்னதில் 24 மி.மீ. தேக்கு விற்கும் விலையில் எட்டு மில்லிமீட்டரை எவரும் குப்பையில் கொட்ட விரும்பார். மேலும், அகற்ற வேண்டிய மரம் கால்பங்கு குறைவதால் சிறிய மோட்டார் திணறாமல் ஓடுகிறது. ஆனால் மெல்லிய தகடு எளிதில் வளையும். தடித்த மரத்தில் கோணிக்கொண்டு போகும். இரண்டு குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள பொறிக்கு முழுத் தகடும், அதற்குக் கீழ்ப்பட்டதற்கு மெல்லியதும் என்று வைத்துக்கொள்வது என் துணிபு.

டி.சி.டி. என்ற மூன்று எழுத்துக்கள் பல்லின் நுனியில் பற்றவைத்துள்ள டங்ஸ்டன் கார்பைடைக் குறிப்பவை. நம் ஊர்ப் பட்டறைகளில் இதை "விடியா" என்று சொல்வார்கள். பலர் இதைத் தமிழ்ச்சொல் என்றே எண்ணி, "எவ்வளவு சாணை பிடித்தாலும் பொழுது விடியாதது" என்று வேடிக்கையாகப் பொருள் கூறுவதுமுண்டு. உண்மையில் அது ஜெர்மன் மொழியில் "வைரம் போன்ற" என்னும் தொடரின் சுருக்கம். குரூப் நிறுவனம் 1920-களில் இட்ட வணிகப் பெயர். அதற்குமுன், மின்விளக்கின் டங்ஸ்டன் இழையை இழுக்கும் அச்சுத் துளைகள் விரைவில் தேய்ந்துபோனதே சிக்கலாயிருந்தது. விளக்கு உற்பத்தி செய்த ஒஸ்ராமைச் சேர்ந்த கார்ல் ஷ்ரோட்டர் அதற்குத் தீர்வு தேடினார். டங்ஸ்டன் கார்பைடுத் துகள்களைக் கோபால்ட்டுடன் சேர்த்து அழுத்திச் சூடாக்கி ஒன்றாக்கும் முறைக்கு 1923-இல் காப்புரிமை கோரினார். விளக்குக்காகப் பிறந்த பொருள் தச்சுப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

இதன் தேவையை உணரத் தேக்கையே எடுத்துக்கொள்ளலாம். தேக்கு மரத்தின் உயிரணுக்களில் மணலின் மூலப்பொருளாகிய சிலிக்கா படிந்திருக்கிறது. எனவே தேக்கை அறுப்பது ஓரளவு மணற்காகிதத்தை அறுப்பது போன்றதே. சாதாரண எஃகுப் பல் சிறிது நேரத்தில் மழுங்கும். ஒட்டுப்பலகையிலுள்ள பிசினும் அப்படியே. கார்பைடு பல் இவற்றைப் பல மடங்கு காலம் தாங்கும். ஆனால் கடினமான பொருள்களுக்கே உரிய குறை அதற்கும் உண்டு, நொறுங்கும். பழைய கதவு, நிலை, சாரப்பலகை ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் ஓர் ஆணி போதும், நுனி தெறித்து எங்கோ பறக்கும். பழைய மரம் அறுப்போர் ஒரு காந்தத்தை அதன்மேல் தடவிப் பார்த்துவிடுவது நல்லது; நம் ஆய்வுக்கூடத்தில் அதற்கான சட்டக்காந்தங்கள் ஆண்டு முழுவதும் உறங்குகின்றன.

பல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அதைத் தாங்கும் தகடு எவர் கண்ணிலும் படுவதில்லை. எனக்கு இக்கருவியில் மிகவும் வியப்பளித்த பகுதி இதுதான். அறுக்கும்போது சூடேறுவது தகட்டின் விளிம்பு. நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும். பத்து அங்குலத் தகட்டின் சுற்றளவு ஏறத்தாழ 800 மி.மீ. விளிம்பு நடுவைவிட 50 பாகை மிகுதியாகச் சூடேறினால், எஃகின் விரிவெண்ணைக் கொண்டு கணக்கிட, அச்சுற்றளவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீள விரும்பும். நடுப்பகுதி நீளவில்லை. ஓரம் நீண்டு நடு நீளாத துணி என்ன ஆகும்? கொசுவம் விடும். தகடும் அவ்வாறே நெளியத் தொடங்கும். நெளிந்த தகடு அறுப்பின் இருபுறமும் உரசும், உரசினால் மேலும் சூடு, மேலும் நெளிவு.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் செய்துள்ளனர். ஒன்று, விளிம்பில் ஆங்காங்கே உள்நோக்கி வெட்டப்பட்டுள்ள பிளவுகள். அழகுக்காக என்று நினைப்பாரும் உளர். அவை விளிம்பு விரிந்துகொள்ள விடப்பட்ட இடைவெளிகள். தண்டவாள இணைப்பில் இடைவெளி விட்ட அதே காரணம்தான். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது. தகட்டின் மையத்துக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட வளையத்தை உருளையாலோ சம்மட்டியாலோ சிறிது நீட்டி வைக்கின்றனர். இதனால் குளிர்ந்த நிலையில் விளிம்பு இழுபட்டு விறைப்பாக இருக்கும். வேலையின்போது சூட்டால் விளிம்பு விரியும்போது அந்த விறைப்பு தளர்ந்து தகடு சமநிலைக்கு வருகிறது. ஒரே வடிவமும் ஒரே பல்லும் உள்ள இரு தகடுகளில் ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு விலையாவதற்குப் பல நேரங்களில் இந்த மறைந்த வேலைதான் காரணம். மலிவுத் தகட்டைச் சமதளமான கண்ணாடியின்மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வாங்க வேண்டாம்.

இனி விரலுக்கு வருவோம். மேலே சொன்ன 2,880 சுற்று வேகத்தில் தகட்டின் விளிம்பு வினாடிக்கு 38 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 138 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. தகட்டின் முன்பக்கப் பற்கள் மேலிருந்து கீழாக இறங்கி மரத்தை மேசையோடு அழுத்துகின்றன; அதனால் தீங்கில்லை. பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலாக ஏறுகின்றன. அறுபட்ட மரம் உள்ளழுத்தத்தால் மூடிக்கொண்டு தகட்டைப் பிடித்தாலோ, பலகை சற்றுக் கோணினாலோ, அந்தப் பின்பற்கள் பலகையைத் தூக்கி நம்மை நோக்கி எறியும். வேகப்பந்து வீச்சாளரின் பந்து, பந்தாக இல்லாமல் பலகையாக வந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பலகை வயிற்றில் தாக்குவது ஒரு கேடு. அதைவிடப் பெருங்கேடு, பலகை திடீரென்று பறந்துவிட, அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை தகட்டின்மேல் விழுவது.

நாற்பது பல் தகட்டில் வினாடிக்கு 1,920 பற்கள் ஓரிடத்தைக் கடக்கின்றன. வலியை உணர்ந்து கையை இழுக்க நமக்கு ஐந்தில் ஒரு வினாடியேனும் ஆகும். அதற்குள் 380-க்கு மேற்பட்ட பற்கள் கடந்துவிடும். ஆகவே, "எச்சரிக்கையாக இருந்தால் போதும்" என்ற பேச்சு இங்கே செல்லாது. அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டில் மட்டும் மேசை ரம்பத் தகட்டில் கைபட்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்தோர் ஏறத்தாழ 30,000 பேர் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. நம் ஊர்த் தச்சுப் பட்டறைகளில் விரல் குறைந்த கைகளைக் காண்பது அரிதன்று. அவற்றை எண்ணிக் கணக்கெழுத ஆளில்லை.

இதில் தகட்டுத் தேர்வுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். மழுங்கிய பல்லும், வேலைக்குப் பொருந்தாத பல்லும் மரத்தை வலிந்து தள்ளச் செய்கின்றன. வலிந்து தள்ளும் கைதான் வழுக்கும். ஆதலால் சரியான தகடு என்பது வழவழப்புக்கு மட்டுமன்று. தகட்டுக்குப் பின்னால் அதே வளைவில் நிற்கும் மெல்லிய எஃகுத் துண்டு ஒன்று உண்டு. அறுபட்ட இரு பக்கங்களும் மூடிக்கொள்ளாமல் காப்பது அதன் வேலை. இதைப் பிளவுக்கத்தி எனலாம். இதன் தடிமன் தகட்டின் உடலைவிட மிகுந்தும், வெட்டுத்தடத்தைவிடக் குறைந்தும் இருக்க வேண்டும். முழுத் தகட்டைக் கழற்றி மெல்லிய தகட்டை மாட்டுவோர் இதை மறந்துவிடுகின்றனர். பலகை பிளவுக்கத்தியில் முட்டி நிற்கிறது, உடனே "இந்தச் சனியன் எதற்கு?" என்று அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகின்றனர். அன்று மாலையோ அடுத்த மாதமோ அதற்கு விலை கொடுக்க நேர்கிறது. மெல்லிய தகடு வாங்கும் அன்றே அதற்கேற்ற பிளவுக்கத்தி தம் பொறிக்குக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் 1999-இல் இதற்கு வேறொரு வழி கண்டார். அவர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பது நம் துறையினர்க்கு மகிழ்ச்சி தரும். மரம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. மனித உடல் கடத்தும். தகட்டில் சிறு மின்குறி ஒன்றை ஓடவிட்டு, விரல் பட்டதும் அது மாறுவதை உணர்ந்து, ஓர் அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் பாய்ச்சித் தகட்டை நிறுத்துகிறது அவருடைய பொறி. நிற்க ஆகும் நேரம் ஏறத்தாழ ஐந்து மில்லிவினாடி. நம் கணக்கில் பத்துப் பற்கள்கூடக் கடக்கா. விரலில் ஒரு கீறலோடு போயிற்று. தகடும் அலுமினியக் கட்டையும் பாழாகும். விரலின் விலைக்கு அது மலிவே. ஈரமான பச்சை மரம் தவறாகத் தூண்டிவிடக்கூடும் என்பது அதன் குறை. விலையோ நம் சிறு பட்டறைகளுக்கு எட்டாதது.

எட்டும் விலையில் நம்மவர் செய்வது வேறு. கல்லும் இரும்பும் தேய்க்கும் ஆங்கிள் கிரைண்டரைப் பலகைக்கடியில் தலைகீழாகக் கட்டி, நான்கங்குல மரத்தகட்டை அதில் மாட்டி மேசை ரம்பம் என்கின்றனர். அது நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று வரை ஓடுவது. தகட்டின் மேல் அச்சிட்டுள்ள உச்ச வேகத்தையாவது படித்துவிட்டு மாட்டுகிறார்களா என்றால் அதுவுமில்லை. பிளவுக்கத்தி இல்லை, மூடி இல்லை, உடனே நிறுத்தக் கைக்கெட்டும் விசை இல்லை. இதற்கு நல்ல தகடு எது என்று என்னைக் கேட்டால், எதுவுமில்லை என்பதே விடை.

முறையான மேசை ரம்பம் வைத்திருப்போர் ஒரே தகடுதான் வாங்க இயலுமானால் 40 பல் சரிவுத் தலைத் தகட்டை வாங்கலாம். இரண்டு வாங்க முடிந்தால் அதை விட்டுவிட்டு 24 ஒன்றும் 60 ஒன்றும் வாங்குவதே சிறந்தது. இரண்டும் மாறி மாறி ஓய்வெடுப்பதால் நெடுநாள் உழைக்கும். சன்மைக்கா வேலை மிகுதியாக உள்ளவர்க்கு மட்டும் சீவிய மூலைத் தகடு ஒன்று வேண்டும். நடுத்துளை தம் அச்சின் அளவுக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்; அச்சுக்கும் துளைக்கும் இடையே காகிதம் சுற்றி மாட்டும் பழக்கம் கூடவே கூடாது. அதற்கென்றே உலோக வளையங்கள் விற்கின்றன.

மாட்டுமுன் மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். முன்பக்கப் பற்களின் முகம் நம்மை நோக்கிக் கீழிறங்குமாறு தகடு அமைய வேண்டும். தகட்டின் உயரம், பற்பள்ளத்தின் அடி பலகையின் மேற்பரப்பைச் சற்றே தாண்டும் அளவு இருந்தால் தூள் வெளியேற வழி கிடைக்கும். நல்ல முகம் மேலே இருக்கப் பலகையை வைக்க வேண்டும். ஏனெனில் சிலும்புவது பல் வெளியேறும் அடிப்பக்கம்தான். வேலை முடிந்தபின் பல்லில் தேக்கெண்ணெயும் பிசினும் கருப்பாக ஒட்டியிருக்கும். இதைக் கண்டு மழுங்கிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். தகட்டைக் கழற்றி, வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்து, துருப்பிடிக்காமல் இரண்டு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். அதன் பிறகும் வெட்டவில்லையானால் வைரச் சக்கரம் வைத்திருப்பவரிடம் சாணைக்குக் கொடுக்கலாம். எஃகுக் கத்திக்கு உரிய சாதாரணச் சாணைக்கல் விடியாவின் மேல் ஏறாது.